மகளின் நெஞ்சில் ஒரு டிராகன்

என் மகளின் நெஞ்சுக்குள் ஒரு டிராகன் இருக்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். அவள் நம்பினாள். ஐந்து வயதுப் பிள்ளை, அம்மா சொன்னதை நம்பாமல் என்ன செய்யும்?

அப்போது மழைக்காலம். தாராவியில் எங்கள் வீடு ஒற்றை அறை, முதல் மாடியில். இரும்பு ஏணியில் ஏறித்தான் வரவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் மேற்குச் சுவர் முழுக்க ஈரம் ஊறி, பெயின்ட் உப்பி, கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். அந்த வருடம் சுவர் ஈரமானதும் அவளுக்கு இருமல் தொடங்கியது. சளி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் அவளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மெல்லிய விசில். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீற்றம் கேட்குமே, அதுபோல. அவளும் கேட்டுவிட்டாள். குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள்.

“அம்மா, உள்ள யாரு இருக்கா?”

அவள் கண் பெரிதாகிவிட்டது. பயத்தில் மூச்சு இன்னும் வேகமாக, விசில் இன்னும் பலமாக, அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் பயம். பிள்ளையை எதைச் சொல்லியும் பயமுறுத்தக் கூடாது, பூச்சாண்டி என்ற பேச்சே நம் வீட்டில் வரக்கூடாது என்று அவள் பிறப்பதற்கு முன்பே கணவரிடம் சொல்லி வைத்திருந்தவள் நான். குழந்தை வளர்ப்பு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். அந்த நிமிடத்தில் படித்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் மொபைலில் பார்க்கும் கார்ட்டூன்தான் நினைவுக்கு வந்தது.

“அதுவா? குட்டி டிராகன்ட்டி. உள்ள படுத்துக் கொறட்டை விடுது,” என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. ஆனால் கண்ணில் இருந்த பயம் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அன்று என்னை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாதுங்காவில் பூக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு குழந்தை டாக்டர் இருக்கிறார். தமிழ் பேசுகிறவர் என்று சர்ச்சில் ஒருவர் சொல்லி அனுப்பினார். அவர் குழாய் வைத்து முதுகிலும் நெஞ்சிலும் நெடுநேரம் கேட்டார்.

“பயப்படாதீங்கோ. இது நெறயக் குழந்தைகளுக்கு இருக்கு. இந்தப் பம்ப்பைக் கார்த்தாலயும் சாயங்காலமும் குடுக்கணும். நன்னா இருக்கான்னு நிறுத்திடப்படாது. புகை, தூசி ஆகவே ஆகாது. நீல பம்ப் அவசரத்துக்கு. ரொம்ப இழுத்தா மட்டும்.”

ஒரு முனையில் பம்ப்பைச் செருகவும் மறுமுனையில் முகமூடி மாட்டவும் ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தார். முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி அழுத்திப் பிடித்து, மருந்தை அமுக்கி, பத்து மூச்சு விடவேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டாள். டாக்டர் சொன்ன அத்தனையையும் ஒரு குழந்தைக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

“பொகை போச்சுன்னா டிராகன் முழிச்சுக்கிடும். முழிச்சா ஒனக்கு மூச்சு முட்டும். இந்த மருந்து போனா அது நல்லாத் தூங்கும்.”

அவ்வளவுதான் நான் சொன்னது. இப்போதும் அதில் தப்பான சொல் எது என்று தேடிப் பார்க்கிறேன்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. சொன்ன நேரத்துக்குத் தானே குழலை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். கொசுவர்த்தியை நிறுத்தினேன். கீழ் வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது எங்கள் வாசலில் ஈரத்துண்டு தொங்கவிட்டேன். காற்று குயவர்கள் சூளை இருக்கும் பக்கத்திலிருந்து அடித்தால் ஜன்னலை அடைத்தேன். கல்லியில், வீட்டு முன்னால் இருக்கும் அந்தக் குறுகலான சந்தில், மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட விடவில்லை, ஓடினால் இழுக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளி என்றால் உள்ளே விடவில்லை. லேசாக இருமினால்கூடப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. எல்லாம் அவள் நன்மைக்கு என்றுதான் செய்தேன். அந்த ஒற்றை அறையில், அடைத்த ஜன்னலுக்குப் பின்னால், அவளுக்குப் பேச்சுத் துணையாக நானும் அந்த டிராகனும்தான் இருந்தோம். நான் பாதி நேரம் சமையலிலும் துணியிலும் இருந்தேன்.

ஒருநாள் திரும்பிப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சட்டைக்குள் வாயை வைத்து, இந்தியும் தமிழுமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

“சுன், கேளு, மம்மி தோசை சுடுது. ஒனக்கு வேணுமா? நஹீ? அச்சா, பொறவு தாரேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கணவரிடம் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு. அவர் செம்பூரில் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். வீடு வீடாகப் போகவேண்டும். பல நாள் அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். “வாடகை இல்லாமக் குடியிருக்கான் பாரு ஒருத்தன். தாராவியில எவனுக்குக் கிடைக்கும்?” என்றார்.

பிறகு அவள் கதை கேட்க ஆரம்பித்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் டிராகன் கதை சொல்லவேண்டும். நான் சொன்னேன். அவள் டிராகனின் முதுகில் ஏறி மாஹிம் கழிமுகத்துக்கு மேலே பறந்தாள். வடாலாவில் மோனோ ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து இருவரும் காலை ஆட்டினார்கள். ரயில் வந்ததும் அது பாம்பு என்று நினைத்து டிராகன் பயந்து அவள் பின்னால் ஒளிந்துகொண்டது. இந்த இடத்தில் அவள் கைதட்டுவாள். கதை என்றால் அதற்கு ஒரு போக்கு வேண்டாமா? சும்மா பறந்துகொண்டே எத்தனை நாள் இருப்பது? அதனால் அந்த டிராகனுக்கு ஒரு அம்மா இருப்பதாகச் சொன்னேன். பெரிய டிராகன். மழையில் குட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை செம்பூரில் சொந்தக்காரர் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, தூரத்தில் ஆலைக் குழாயின் உச்சியில் தீ எரிவதை அவள் மாடியிலிருந்து பார்த்திருந்தாள். அந்தத் தீ அம்மா டிராகன் மூச்சுவிடுவது என்று கதையில் சேர்த்தேன். அவள் சட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தீபாவளி நெருங்கும்போது இழுப்பு திரும்பி வந்தது. மருந்து தவறாமல் போகிறது, ஆனாலும் விசில். ஏணி ஏறினால் விசில். மாதுங்கா டாக்டர் அளவைக் கூட்டினார்.

“கரெக்டாக் குடுக்கறேளோ?”

“குடுக்கிறேன் டாக்டர். ஒரு வேளைகூட விடல.”

“அப்படின்னா மருந்துக்குக் கேக்கணுமே,” என்றார், தனக்குத்தானே.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் பிடிக்கிற பிடி தப்பா? ஈரச்சுவர்தான் காரணமா? வீட்டை மாற்றவேண்டுமா? முலுண்டில் வீடு எடுத்துப் போயிருக்கலாமோ? அளவைக் கூட்டிய மருந்து பிள்ளையின் வளர்த்தியைக் கெடுத்துவிடுமா? கீழ் வீட்டு அக்கா காலை நாலு மணிக்கே எழுந்து இட்லி அவித்து, பாத்திரத்தில் அடுக்கி, கணவரின் சைக்கிளில் விற்பனைக்கு அனுப்புகிறவள். என் மகள் என்றால் அவளுக்கு உயிர். அவளிடம் அழுதேன்.

“படிச்ச பிள்ள இப்படியா அழுவ?” என்றாள். “இந்தப் பம்ப்பு கிம்ப்பு எல்லாம் பழகிப்போவும் பிள்ளே. என் கொப்பறைக்கிட்ட வந்து உக்காருதா, ஆவி நல்லாப் புடிக்கட்டும். தெனமும் வந்து ‘ஆ’ன்னு வாயத் தொறந்து உக்காரும்லா.”

“தெனமுமா? என்னத்துக்கு?”

“என்னத்துக்குன்னா? பள்ளிக்கொடம் போறதுக்கு முன்ன வரும். ‘அக்கா, இதுக்குப் பசிக்கி’ன்னு சொல்லும். இட்லி குடுத்தா வேண்டாங்கும். ஆவிதான் வேணுமாம். கிறுக்குக் குட்டி.”

அக்கா சிரித்தாள். அக்காவின் அடுப்பு விறகடுப்பு. ஆவியோடு புகையும் வரும்.

அன்று சாயங்காலம் மருந்து கொடுக்கும்போது நான் எண்ணவில்லை, கேட்டேன். அந்தக் குழலுக்குள் ஒரு சின்ன இதழ் உண்டு. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அது அசைந்து ‘டக், டக்’ என்று மெல்லச் சத்தம் வரும். இத்தனை நாளும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்திருக்கிறேன். நான் எண்ணியது எண்களை. அவள் மூச்சை அல்ல. அன்று ஒரு ‘டக்’ கூட வரவில்லை. அவள் கன்னத்தை உப்பி, மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பத்து சொல்லும் நேரத்துக்காக.

“ஏட்டி, மூச்சு இழு!”

முகமூடியை எடுத்ததும்தான் இழுத்தாள். மருந்தெல்லாம் காற்றில் போய்விட்டது.

“ஏன் இப்படிச் செய்யுத? எத்தன நாளா?”

தோளைப் பிடித்து உலுக்கினேன். அவளை நான் அதற்கு முன் உலுக்கியதில்லை.

“மருந்து போட்டா அது தூங்கிரும்,” என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “தூங்கினா எங்கூடப் பேசாது. எங்கூட வேற யாரு பேசுவா?”

பயமில்லாமல் இருக்கட்டும் என்று நான் கொடுத்த டிராகனை அவள் தோழனாக எடுத்துக்கொண்டாள். அது விழித்திருக்கவேண்டும் என்று மருந்தை விட்டாள். பசிக்கும் என்று புகை ஊட்டினாள். என்ன சொல்லி இதைப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தினேன். இனி டிராகன் பேச்சே கூடாது, கதையும் கிடையாது என்றேன். முகமூடியை அழுத்திப் பிடித்து, வலுக்கட்டாயமாக மருந்து கொடுத்தேன். அவள் இழுத்த மூச்சில் பாதி அழுகை. கணவர் வந்ததும் சொன்னேன். “குழந்தைதான, ரெண்டு நாள்ல மறந்துரும்,” என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

அவள் மறக்கவில்லை. என்னிடம் பேசுவதைத்தான் நிறுத்தினாள்.

மழை விட்ட பிறகு எங்கள் பக்கம் டெங்கு வரும். மாநகராட்சியிலிருந்து கொசுவுக்குப் புகை அடிக்க ஆள் வருவார். தோளில் நீண்ட குழாயோடு ஒரு மெஷின். லாரி மாதிரி உறுமும். முனையிலிருந்து வெள்ளைப் புகை பீறிட்டு வரும். ஒரு நிமிடத்தில் கல்லி முழுக்க எதிர்ச்சுவர் தெரியாது. பிள்ளைகளுக்கு அது திருவிழா. “தூவா! தூவா!” என்று, புகை புகை என்று இந்தியில் கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுவார்கள். எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே நான் கதவை அடைத்து, அடியில் துணியைத் திணித்து, அவளை மடியில் வைத்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் அவள் கீழே அக்காவிடம் இருந்தாள். அடுப்பு அணைந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். நான் மேலே துணி மடித்துக்கொண்டிருந்தேன். உறுமல் கேட்டது. ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பிள்ள உள்ளதான இருக்கா? கதவ அடைங்க!”

கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, மாவுக்கையைத் தூக்கி ஆட்டினாள். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். ஜன்னலை அடைக்க உள்ளே திரும்பினேன். அடைத்துவிட்டு மறுபடி வந்தபோது அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள்.

“பிள்ள மேலயா வந்துட்டு?”

நான் ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அதற்குள் புகை எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் நாற்றம். என் கையை நீட்டினால் என் விரல் எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லியில் இரண்டு பேர் ஒதுங்கித்தான் ஒருவரையொருவர் கடக்க முடியும். இரண்டு பக்கமும் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினேன். “பிள்ளே! ஏட்டி! எங்கட்டி இருக்க?” புகைக்குள் எங்கே பார்த்தாலும் பிள்ளைகளின் சிரிப்பு. முழங்காலில் வந்து மோதுகிறார்கள். ஒரு பிள்ளையைப் பிடித்துத் தூக்கினேன். அது வேறு பிள்ளை. “க்யா ஹை ஆன்ட்டி!” என்று உதறிக்கொண்டு ஓடியது. இன்னொன்றைப் பிடித்தேன். அதுவும் இல்லை. இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெபத்துக்கு வேறு சொல் வரவில்லை.

சத்தத்தை வைத்து மெஷினை நோக்கிப் போனேன். அந்த ஆளின் முதுகு தட்டுப்பட்டது. காதை மூடியிருந்தார். நான் கத்தியது கேட்கவில்லை. இரண்டு கையாலும் முதுகில் அடித்தேன். திரும்பினார். “பந்த் கரோ! மேரி பச்சி! மேரி பச்சி!” நிறுத்து, என் பிள்ளை என்று சொல்ல என் இந்தி அவ்வளவுதான். அவர் மெஷினை நிறுத்தினார்.

திடீரென்று ஒரு அமைதி. பிள்ளைகள்கூட ஏமாற்றத்தில் ஒரு கணம் சத்தமில்லாமல் நின்றார்கள். அந்த அமைதியில் எனக்கு அது கேட்டது. விசில். மெல்லிய, நீளமான, எனக்குத் தெரிந்த விசில். அந்த ஆளுக்கு முன்னால், குழாயின் முனைக்கு நாலடி தூரத்தில்.

அவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சட்டையைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்திருந்தாள், உள்ளே இருப்பதற்கு வெளியே தெரியட்டும் என்பதுபோல. வாய் திறந்திருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு நீலம்.

“அம்மா,” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “அதோட... அம்மா... வந்துட்டு...”

“அரே பாய், பச்சி கோ சம்பாலோ நா!” என்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டாயா என்று திட்ட ஆரம்பித்த அந்த ஆள், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். மெஷினை அப்படியே தரையில் போட்டுவிட்டு, “ஹடோ! ஹடோ!” என்று கத்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடி வழி விலக்கினார். அவளைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அக்கா எங்கள் வீட்டிலிருந்து நீல பம்ப்பையும் குழலையும் எடுத்துக்கொண்டு மாவுக்கையோடு வந்து சேர்ந்தாள். மெயின் ரோட்டில் டாக்ஸிக்குள் வைத்து மருந்து கொடுக்கப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளை, வாயை மூடிக்கொண்டது.

“அடி பாவி, தொறட்டி வாய,” என்று அக்கா அழுதாள். “ஏ பிள்ளே, இது என்ன பிடிவாதம்?”

கல்லியில் யாரோ சொல்லி என் கணவர் போனில் வந்தார். செம்பூரில் இருக்கிறேன், கிளம்பிவிட்டேன் என்றார். சிக்னலில் நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். நானும் சிக்னலில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் உடனே எடுத்துக்கொண்டார்கள். நெபுலைசரில் மருந்து ஊற்றி முகமூடியை மாட்டினார்கள். அதிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அது மருந்து என்று அவளுக்குத் தெரியும். பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்டினார்கள். உதைத்தாள். நர்ஸ் ஒரு கையைப் பிடிக்க, அக்கா இன்னொரு கையைப் பிடிக்க, நான் காலைப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்கத் திமிறினாள். திமிறத் திமிற மூச்சு சுருங்கியது. விசில்கூட இப்போது குறைந்துகொண்டு வந்தது. விசில் குறைந்ததும் நான் நல்லது என்று நினைத்தேன். ஆனால் இளம் டாக்டரின் முகம் மாறியது. உள்ளே காற்றே போகவில்லை, அதனால்தான் சத்தம் இல்லை என்றார். இந்தப் பிள்ளை மருந்தை இழுக்காவிட்டால் மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் இறக்கவேண்டிவரும், நீங்கள் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள் என்று இந்தியில் சொன்னார். ஊசி தயாராகிக்கொண்டிருந்தது.

நான் அவள் முகத்துக்கு அருகே குனிந்தேன்.

“டிராகனே இல்லட்டி. அம்மா சும்மா சொன்னேன். ஒண்ணும் இல்ல உள்ள. அது ஒன் மூச்சுதான்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“பொய்,” என்றாள்.

எதைப் பொய் என்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நேரமும் இல்லை. ஆனால் அந்தப் பார்வையில் ஒன்று புரிந்தது. உண்மையைச் சொல்லி இவளை நான் மீட்க முடியாது. அந்த உண்மைக்கு இவளிடம் இடமில்லை. அவள் உயிரோடு இருப்பதைவிட அது உயிரோடு இருப்பது அவளுக்குப் பெரிதாக இருந்தது. அப்படியானால் நானும் அதையே காப்பாற்றவேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

“சரி. இருக்கு. இருக்கு,” என்றேன். “பாரு, அது பெருசாயிட்டு. ஒனக்குள்ள இடம் பத்தல. அதுக்கும் மூச்சு முட்டுது. எனக்குத் தா. நான் வச்சுக்கிடுதேன். நான் பெருசுல்லா? எனக்குள்ள எடம் கெடக்கு.”

அவள் உதைப்பது நின்றது.

“நீ... தூங்க... வைப்பியா?”

“மாட்டேன். நான் மருந்தே எடுக்கமாட்டேன். முழிச்சே இருக்கட்டும். ஊது. என் வாயில ஊது. முழுசா வெளிய வரணும்.”

நான் வாயைத் திறந்து அவள் வாயருகே வைத்தேன். நர்ஸ் ஏதோ சொல்லி என் தோளை இழுத்தாள். அக்கா அவளைத் தடுத்தாள். “அம்மாவ விடு தாயி, ஒரு நிமிசம் விடு,” என்றாள், அவளுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்றுகூடப் பார்க்காமல். மகள் ஊதினாள். ஊத அவளிடம் காற்று ஏது? கொஞ்சம் வந்தது. மண்ணெண்ணெய் வாடையோடு சூடாக என் நாக்கில் பட்டது.

“வால் இன்னும் உள்ள இருக்கு. இன்னொருக்க.”

கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வயிறு ஒட்டும்வரை ஊதினாள். நான் அதை விழுங்கினேன். நடிக்கவில்லை. உண்மையாகவே தொண்டையில் ஏதோ இறங்கியதுபோல இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவளுக்குத் தலையாட்டினேன். முழுவதும் ஊதி முடித்த நெஞ்சு, அடுத்ததாகத் தானே இழுத்தாக வேண்டும். அந்த இழுப்புக்குள் நர்ஸ் முகமூடியை வைத்துவிட்டாள். வெள்ளை ஆவி உள்ளே போனது. அவள் அதைத் தடுக்கவில்லை. அவளிடம்தான் காப்பாற்ற ஒன்றும் இல்லையே. அவள் கண் என் நெஞ்சிலேயே இருந்தது.

மூன்று தடவை மருந்து மாற்றினார்கள். என் கணவர் வந்து சேர்ந்தபோது உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் ஓரமாக நின்று அழலாம் என்று நினைத்தேன். அவள் என் புடவையை விடவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மருந்தை ஒழுங்காக இழுக்கிறாள். ‘டக், டக்’ என்று குழல் சத்தம் போடுகிறது, நான் அதைக் கேட்டு எண்ணுகிறேன். விசில் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள். மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல், என் நெஞ்சில் காதை வைக்கிறாள்.

“இருக்கா?”

“இருக்கு.”

“என்ன செய்யுது?”

அடுப்பில் இருப்பதைச் சொல்வேன். தோசை கேட்கிறது என்பேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். கணவர், “போயிட்டுன்னு சொல்லிரு, அதோட அம்மாகிட்டப் போயிட்டுன்னு சொல்லிரு,” என்கிறார். எனக்கும் சொல்லத் தோன்றுகிறது. சொல்லப் போய், போனதைத் தேடி இவள் எந்தப் புகைக்குள் இறங்குவாள்? சொல்லாமல் விட்டால் எத்தனை வயதுவரை நான் இதைச் சுமப்பது? மாதுங்கா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இப்போதைக்கு நீங்களே வெச்சுக்கோங்கோ,” என்றார்.

போன வாரம் எனக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான். இருமினேன். சுவரோரம் படம் வரைந்துகொண்டிருந்தவள் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். காதை வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் முதன்முதலில் தன் சட்டையைக் குனிந்து பார்த்தபோது இருந்த பயம்தான் அது.

“ஒனக்கு மூச்சு முட்டுதாம்மா? என்னாலதான?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே உள்ளே இருப்பதனிடம் இந்தியில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். மெதுவாக, மம்மிக்கு வலிக்காமல் இரு என்று. நான் இருமலை அடக்கிக்கொண்டு, மூச்சைச் சத்தமில்லாமல் விடப் பார்த்தேன்.